தாத்தா நோட்டில் "லம்பாடி - 1 ஜோடி"

கொஞ்ச நாளா கொசுவத்தி சுத்தாம இருந்தேன். இந்த முறை சுத்த வெச்சது தங்கமணி. பேருதான் தங்கமணி, ஆனா போன மாசம் அம்மணி ஆன்லைன்ல ஆர்டர் பண்ணினது வெள்ளித் தோடு. பார்சலைப் பிரிச்சா சின்னதா ஒரு துணிப்பை, அதுக்குள்ள ஒரு அட்டை. "கைவேலை, கான்டெம்பரரி டிசைன், 92.5 வெள்ளி, இயற்கைக் கற்கள்"னு எழுதியிருக்கு. கருக்க வெச்ச வெள்ளி, நடுவுல ஒரு சிவப்புக் கல்லு, கீழ சங்கிலி சங்கிலியா தொங்கி ஒவ்வொரு நுனியிலயும் குட்டிச் சலங்கை. விலையை இங்க எழுதினா எங்க ஊர்ப்பக்கம் இருந்து யாராவது வந்து அடிப்பாங்க, அதனால வேணாம் :-)

எங்க அம்மா அதைக் கையில வாங்கிப் பாத்துட்டு ரெண்டு விஷயம் சொன்னாங்க. ஒண்ணு, "கால்ல போடறத காதுல போடறியா?" இன்னொண்ணு, "இது நம்ம டிரங்குப் பெட்டியில கெடக்குதே, லம்பாடிப் பொம்பள வெச்சது, அது மாதிரியே இருக்குதே."

இந்தப் பதிவு அந்த ரெண்டாவது வாக்கியத்தைப் பத்தினது. ஆனா முதல் வாக்கியத்துல இருந்து ஆரம்பிச்சாத்தான் கதை புரியும்.

தங்கம் இடுப்புக்கு மேல, வெள்ளி இடுப்புக்குக் கீழ. கொலுசு, மெட்டி, தண்டை, அரைஞாண் எல்லாம் வெள்ளி. காது, மூக்கு, கழுத்து தங்கத்தோட இடம். தங்கத்துல லட்சுமி இருக்கா, அதைக் கால்ல போட்டு மிதிக்கக் கூடாதுன்னு காரணம் சொல்வாங்க. தங்கம் வாங்க வக்கில்லாதவங்க காதுல என்ன போட்டாங்க? ஓலையைச் சுருட்டிப் போட்டாங்க. "தோடு"ங்கற சொல்லுக்கே ஓலை, பூவிதழ்னு அர்த்தம் உண்டு. சுருட்டின பனை ஓலைதான் பிற்பாடு தங்கமாச்சு, கல்லு வெச்ச கம்மலாச்சு, பேரு மட்டும் அப்படியே நின்னுடுச்சு. சம்பந்தரோட முதல் பதிகமே தோட்டுலதான் தொடங்குது. காதணிங்கறது நம்ம மொழியில அவ்வளவு முன்வரிசையில உக்காந்திருக்கு.

கல்லு விஷயத்துலயும் நாம ஏழைங்க இல்ல. நொய்யல் கரையில இருக்கற கொடுமணல் ஊரை 1980கள்ல தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டினப்ப, கல்மணி செய்யற பட்டறை இருந்த தடயமே கிடைச்சது. பச்சைக்கல், நீலக்கல், படிகம், அகேட், சூதுபவழம்னு முடிஞ்ச மணி, பாதி முடிஞ்ச மணி, வெட்டி எறிஞ்ச சில்லு எல்லாமே. பக்கத்துல காங்கேயம் வட்டாரத்துப் படியூர்ல பச்சைக்கல் கிடைச்சது. ரோமாபுரிச் சீமாட்டிங்களுக்கு இந்தக் கல்லு மேல பெரிய மோகம். அதுக்குப் பதிலா அங்கிருந்து வந்ததுல முக்கியமானது காசு. கோயம்புத்தூர், கரூர் பக்கம் மண்ணைக் கிளறினா ரோம வெள்ளிக்காசு வருதுன்னா அதுக்கு இந்த வியாபாரமும் ஒரு காரணம். அதாவது, நம்ம ஊர்ல கல்லு உண்டு, வெள்ளி கிடையாது. வெள்ளி எப்பவுமே வெளியில இருந்து வந்த சரக்கு. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

நம்ம தர்மபுரிக்கும் ஒரு பங்கு உண்டுங்க. பாப்பாரப்பட்டின்னா சுப்பிரமணிய சிவா ஞாபகம் வரும். நிலவியல்காரங்களுக்கு அந்த ஊர் பேரைச் சொன்னா குருந்தம் ஞாபகம் வரும். கெம்பும் நீலமும் அடிப்படையில குருந்தக் கல்லுதான். நிறம் தெளிவா, ஒளி ஊடுருவற மாதிரி இருந்தா ரத்தினம், இல்லேன்னா சாணைக்கல்லு. நம்ம பக்கத்துல பெரும்பாலும் ரெண்டாவது வகை. குருந்தத்தைப் பொடிச்சு அரக்குல கலந்து சாணைச் சக்கரம் பண்ணி, அதுல வெச்சுத்தான் மத்த ரத்தினங்களுக்குப் பட்டை தீட்டினாங்க. இங்கிலீஷ்காரன் இந்தக் கல்லுக்கு வெச்ச "கொரண்டம்"ங்கற பேரே நம்ம "குருந்தம்"தான். ஊருக்கெல்லாம் மினுக்குக் கொடுத்துட்டுத் தான் மங்கலா இருக்கற கல்லு. தர்மபுரிக்கு இதைவிடப் பொருத்தமான கல்லு கிடைக்காது :-)

சரி, டிரங்குப் பெட்டிக்கு வருவோம்.

நான் சின்னப் பையனா இருந்தப்ப அரூர் சந்தையில லம்பாடிப் பொம்பளைங்களைப் பாத்திருக்கேன். அப்பவே எல்லாரும் புடவைக்கு மாறியாச்சு. வயசான ஒண்ணு ரெண்டு பேர் மட்டும் கண்ணாடி வெச்சுத் தைச்ச பாவாடை, கை நிறைய வளையல், ரெண்டு கன்னத்துப் பக்கமும் தொங்கற வெள்ளிக் கொத்துன்னு வருவாங்க. நான் அதைக் காதுத் தோடுன்னே ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன். தோடு இல்ல. காதோரம் முடியைப் பின்னி, அந்தப் பின்னல்ல கோத்துத் தொங்க விடறது. குக்ரி, டோப்லி, சோட்லான்னு அவங்க பாஷையில பேரு. கல்யாணம் ஆனவங்க அணியறது. காதுல மாட்டினா காது அறுந்துடும், அவ்வளவு கனம். அதனாலதான் முடியைத் தூண் ஆக்கிட்டாங்க. நடந்தா சலங்கை சத்தம் வரும். சந்தையில கூட்டத்துக்கு நடுவுலயும் யாரு வராங்கன்னு முகத்தைப் பாக்காமலே தெரியும்.

இவங்க எப்படி தர்மபுரிக்கு வந்தாங்க? வேர் ராஜஸ்தான் பக்கம்னு சொல்வாங்க, பேசற மொழியும் அந்தப் பக்கத்து வாடைதான். ஆயிரக்கணக்கான பொதிமாட்டுல தானியமும் உப்பும் ஏத்திக்கிட்டு வடக்கேயிருந்து தெற்கு வரைக்கும் போன நடமாடும் வியாபாரிங்க. முகலாயப் படை தெற்கே வந்தப்ப அதுக்குச் சோறு போட்டது இவங்க மாடுங்க. வெள்ளைக்காரன் எழுத்துல "பிரிஞ்சாரி"ன்னு வர்றவங்களும் இவங்கதான்.

1791 மே மாசம் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி ஓடி வந்தது திப்புவோட பீரங்கிக்காக மட்டும் இல்ல, படைக்குச் சாப்பாடு இல்ல, இழுக்க மாடு இல்ல. சொந்தப் பெரும்பீரங்கிகளையே உடைச்சுப் போட்டுட்டு வந்தார். அடுத்த படையெடுப்புக்கு பிரிஞ்சாரிகளோட மாட்டுக்கூட்டத்தைப் பெரிய அளவுல சேர்த்துக்கிட்டார். 1792ல உடன்படிக்கை. அதுல கைமாறினதுதான் பாராமகால், அதாவது நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிச் சீமை. அலெக்சாண்டர் ரீடு தலைமை, அவருக்கு உதவியாளரா தர்மபுரியில வந்து உக்காந்தவர் தாமஸ் மன்றோ. ரயத்துவாரியோட ஒத்திகை இந்த மண்ணுல நடந்துச்சுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அந்தப் பாடத்துல மாடும் வராது, மாட்டுக்காரியும் வரமாட்டா.

வீடு இல்லாத சனங்க. காடு கழனி இல்ல, பூட்டி வைக்கப் பெட்டி இல்ல. சம்பாதிச்சதை எங்க வைக்கறது? உடம்புலதான். அதுக்கு வெள்ளி வசதி. காரணம், ரூபாயே வெள்ளி. 1835ல கம்பெனி ஒரே மாதிரி ரூபாய் போட்டப்ப அதோட எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், பன்னெண்டுல பதினோரு பங்கு வெள்ளி. எடைக்கும் அதே ஒரு தோலா. பத்தர்கிட்ட பத்து ரூபாயைக் கொடுத்தா உருக்கி நகையாக்கித் தருவார், கூலி தனி. முடை வந்தா நகையை வித்தா திரும்ப ரூபாய். நகைன்னா அலங்காரம்னு நாம நெனைக்கறோம். அவங்களுக்கு அது பாஸ்புக்கு.

அந்த பாஸ்புக்கு எப்படி மதிப்பு இழந்துச்சுங்கறதுதான் எனக்குப் படிக்கப் படிக்க வயித்தெரிச்சல்.

1870கள் தொடக்கத்துல ஜெர்மனி வெள்ளியைக் கைவிட்டுத் தங்க நாணயத்துக்கு மாறுச்சு, மத்த நாடுகளும் பின்னாடியே போச்சு. உலகச் சந்தையில வெள்ளி விலை சரிய ஆரம்பிச்சது. அந்த நேரம் பாத்து 1876-78 தாது வருசப் பஞ்சம். சேலம் ஜில்லா (நாம அப்ப சேலத்துல சேர்த்தி, தனி மாவட்டம் ஆனது 1965ல) மோசமா அடிவாங்கின இடங்கள்ல ஒண்ணு. 1871 கணக்குல 19 லட்சத்துக்கு மேல இருந்த ஜில்லா ஜனத்தொகை 1881ல ஏறத்தாழ 16 லட்சம். மிச்சம் இருந்தவங்க உயிர் பிழைக்க முதல்ல வித்தது வெள்ளிதான். ஊரே ஒரே நேரத்துல வித்தா விலை என்ன ஆகும்? தானியம் ஏறிக்கிட்டே போகுது, வெள்ளி இறங்கிக்கிட்டே போகுது. நகை வெள்ளியெல்லாம் மூட்டை மூட்டையா நாணயச் சாலைக்குப் போயி மறுபடியும் ராணி தலை போட்ட ரூபாயா வந்துச்சு.

அப்புறம் 1893. அதுவரைக்கும் யாரு வேணும்னாலும் வெள்ளியைக் கொண்டுபோய் நாணயச் சாலையில கொடுத்து ரூபாயா மாத்தலாம். அந்த வருசம் அந்தக் கதவைச் சாத்திட்டாங்க. கதவு சாத்தினதால ரூபாய்க்கு மதிப்பு நின்னுச்சு, ரூபாய்க்குள்ள இருக்கற வெள்ளிக்கு மதிப்பு தொடர்ந்து விழுந்துச்சு. எட்டு ரூபாயை உருக்கிக் காதோரம் தொங்க விட்ட பொம்பளைக்கு, அதை விக்கப் போனா எட்டு ரூபாய் திரும்ப வராது. சிம்லாவிலும் லண்டன்லயும் கையெழுத்தான ஒரு காகிதம், ஏதோ ஒரு மலையடிவாரத் தாண்டாவுல இருக்கறவ சேமிப்புல பாதியைத் தின்னுடுச்சு. அவளுக்கு யாரும் சொல்லக்கூட இல்ல.

இதுக்குள்ள தொழிலும் போச்சு. 1860கள்ல சென்னையில இருந்து மொரப்பூர் வழியா சேலத்துக்கு ரயில் வந்துடுச்சு. 1906ல மொரப்பூர்ல இருந்து தர்மபுரிக்குக் குறுகிய பாதை ரயிலும் வந்துச்சு (1941ல அதையும் புடுங்கிட்டாங்க, அது தனிப் பதிவு). ஒரு கூட்ஸ் வண்டி சுமக்கறதை எத்தனை பொதிமாடு சுமக்கும்? மாட்டை வித்தாங்க, மலையடிவாரத்துல தாண்டா போட்டு விறகு வெட்டவும் கூலிக்கும் போனாங்க. ஊர் ஊரா திரியறவங்களையெல்லாம் திருடங்கன்னு பாக்கற குற்றப் பரம்பரைச் சட்டம் 1871ல வடக்கே வந்தது, 1911ல சென்னை மாகாணத்துக்கும் நீண்டுச்சு. 1952ல சட்டம் போச்சு. பார்வை போச்சான்னு உங்களையே கேட்டுக்குங்க. அந்தப் பார்வையில இருந்து தப்பிக்க சுலபமான வழி என்ன? தூரத்துல இருந்து பாத்தாலே "லம்பாடி"ன்னு காட்டிக் கொடுக்கற பாவாடையையும் வெள்ளியையும் கழட்டி வெச்சுட்டு புடவை கட்டிக்கறது. கழட்டினாங்க.

கழட்டின வெள்ளி எங்க போச்சு? கொஞ்சம் எங்க தாத்தாகிட்ட வந்துச்சு.

தாத்தா அரூர் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல மளிகைக்கடை வெச்சிருந்தார். அடகுக்கடை இல்லைன்னு அம்மா இன்னைக்கும் அடிச்சுச் சொல்வாங்க. ஆனா மழை பொய்க்கற வருசத்துல மளிகைக்கடைக்கும் அடகுக்கடைக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்ல. 1982-83 வறட்சி. தாத்தாவோட கோடு போட்ட நீள நோட்டு ஒண்ணு டிரங்குப் பெட்டியில நகையோடயே இருக்கு. மத்தவங்களுக்கெல்லாம் பேரு இருக்கு. இன்னார் மகன் இன்னார், பித்தளை அண்டா ஒண்ணு, அப்படின்னு. ஒரு வரி மட்டும் இப்படி இருக்கு: "லம்பாடி - 1 ஜோடி - ரூ.100."

பேர் இல்ல. எந்தத் தாண்டான்னு இல்ல. அவங்க திரும்ப வரல. தாத்தா அதை விக்கவும் இல்ல. நல்ல மனசா, மறதியா, விலை ஏறட்டும்னு காத்திருந்தாரா, அதைக் கேக்கறதுக்கு இப்ப அவர் இல்ல.

இப்ப தங்கமணி யோசனை என்னன்னா (நியாயமாத்தான் சொன்னாங்க), "நாப்பது வருசத்துக்கு மேல சும்மா கெடக்குது. சேலத்துல கொடுத்து உருக்கி, நல்ல கல்லா வெச்சு பொண்ணுக்கு ஒரு ஜோடி, எனக்கு ஒரு ஜோடி மாத்திக்கலாமே?"

எடுத்துக்கிட்டுப் போனேன். செவ்வாப்பேட்டை. கொலுசுக்குப் பேர்போன இடம், தெருவுக்குத் தெரு வெள்ளிதான். ஒரு வயசான பத்தர் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டுப் பாத்தார். எடை 94 கிராம். உரசிப் பாத்துட்டு, "58 டச்சுதாங்க தேறும். சிவப்பு கல்லு இல்ல, கண்ணாடி. உள்ள அரக்கு. உருக்கினா சேதாரம் போக அம்பது, அம்பத்திரண்டு கிராம் வரும்"னு சொன்னார். மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பாத்தேன். கிட்டத்தட்ட அஞ்சு வெள்ளி ரூபாயும் மூணு ரூபாய் எடைக்குச் செம்பும் சேர்த்து உருக்கின சரக்கு. அஞ்சு ரூபாயை எட்டு ரூபாய் கனமாக் காட்ட யாரோ ஆசைப்பட்டிருக்காங்க. இல்ல, பத்தர் ஏமாத்தியிருக்கார்.

அப்புறம் அவரே அதைத் திருப்பிப் பாத்து, ஒரு சலங்கையை நகத்தால சுண்டினார். "பொடி வெச்சு ஊதின வேலை தம்பி. ஒவ்வொரு மணியும் தனித்தனியா ரெண்டு பாதி செஞ்சு ஒட்டியிருக்கான். இப்ப இதெல்லாம் அச்சுல வந்துடும்"னார். (பொடி வெச்சுப் பேசறதுன்னு சொல்றோமே, அந்தப் பொடி இந்தப் பொடிதான். பத்தவைக்கறதுக்குத் தூவற பொடி.) "உருக்கட்டுமா?"ன்னு கேட்டார்.

நான் பதில் சொல்லல. ஏன்னு இப்ப சொல்றேன்.

அரூருக்குக் கிழக்க, கல்வராயனுக்கும் சித்தேரிக்கும் நடுவுல சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கு. 1993ல ரெஜி, லலிதான்னு ஒரு டாக்டர் தம்பதி அங்க போய் மலைவாழ் மக்களுக்கு ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க. பள்ளத்தாக்குல பெரும்பான்மை மலையாளிப் பழங்குடிகள், கூடவே லம்பாடித் தாண்டாவும் உண்டு. அங்க லம்பாடிப் பொம்பளைங்க தங்களோட தையல் வேலையைக் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தாங்க. கத்துக்கொடுக்கற அளவுக்குத் தெரிஞ்சவங்க ஒண்ணு ரெண்டு வயசானவங்கதான் மிச்சம். 2000கள்ல அவங்களை வெச்சு, பழைய துணிகளைப் பாத்துப் பாத்து, அடுத்த தலைமுறை மறுபடியும் கத்துக்கிச்சு. "போர்கை"ங்கற பேர்ல இன்னைக்கு அவங்க தைச்சது வெளியூருக்கெல்லாம் போகுது. அவங்க மொழியில அந்தச் சொல்லுக்குப் பெருமைன்னு அர்த்தம்.

அதைப் படிச்சப்ப எனக்கு ஒண்ணு உறைச்சது. தையல் ஏன் பிழைச்சது? கிழிஞ்ச பாவாடையை எந்தக் கடைக்காரனும் அடகு வாங்கமாட்டான். விலை இல்லாததால பெட்டியில கெடந்துச்சு, கெடந்ததால பேத்தி பாத்துக் கத்துக்க முடிஞ்சது. வெள்ளிக்கு விலை இருந்துச்சு. அதனால ஒவ்வொரு பஞ்சத்துலயும் ஒவ்வொரு கல்யாணத்துலயும் உருகிப்போச்சு. பாத்துக் கத்துக்க மாதிரிகூட மிச்சமில்ல. மதிப்பு இருந்ததாலயே அழிஞ்ச கலை.

மிச்சம் இருந்ததை வாங்கிச் சேர்த்தவங்களும் உண்டு. ஜெய்ப்பூர்ல 1978ல ரெண்டு நண்பர்கள் ஆரம்பிச்ச அம்ராபாலி நிறுவனம் ஊர் ஊரா பழைய வெள்ளி நகைகளைத் தேடிச் சேகரிச்சு, அதைப் பாத்துப் புது டிசைன் போட்டு, 2018ல அந்தச் சேகரிப்புக்குன்னு அருங்காட்சியகமே திறந்துச்சு. கடைகள்ல கான்டெம்பரரின்னு விக்கற எத்தனையோ தோடுக்குப் பூர்வீகம் இந்த மாதிரிப் பழசுதான். செம்மணிக்கல்லு, நிலாக்கல்லு, நீலக்கல்லுன்னு புதுசா கல்லு மாத்தி, கனத்தைக் குறைச்சு, முடியில இருந்து காதுக்கு இறக்கிட்டாங்க. அதுல தப்பில்ல. ஓலை தங்கமா மாறலையா? என் தங்கமணி போட்டிருக்கறதும் அழகாத்தான் இருக்கு, பொய் சொல்லல. செஞ்சவன் கைவேலைக்குக் கூலி சரியாப் போகணும், அவ்வளவுதான். என் உறுத்தல் வேற. டிசைன் பிழைச்சுக்கிச்சு, அதைப் போட்டவங்க பேரு பிழைக்கல.

2025ல வெள்ளி ஏறின ஏத்தம் உங்களுக்கே தெரியும். விலை ஏறினா பெட்டியில கெடக்கறதெல்லாம் வெளிய வரும், தராசுக்குப் போகும், உலைக்குப் போகும். 1877ல விலை இறங்கினப்ப உருகினது, இப்ப விலை ஏறினதால உருகுது. ரெண்டு பக்கமும் அடி.

பத்தர்கிட்ட இருந்து திரும்ப வாங்கிக்கிட்டு வந்துட்டேன். "அடுத்த மாசம் வெல கொறஞ்சா என்னைத் திட்டாதீங்க"ன்னு சிரிச்சார். தங்கமணி ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் அவங்களே நோட்டை எடுத்து அந்த வரியைப் படிச்சுட்டு, "நூறு ரூபாய்க்கு என்ன வாங்கியிருப்பாங்க?"ன்னு கேட்டாங்க. கேழ்வரகா இருக்கும்னு சொன்னேன். மளிகைக்கடைதானே, பணமாக்கூடக் கொடுத்திருக்க மாட்டார் தாத்தா. அதுக்கப்புறம் உருக்கற பேச்சு எடுக்கல.

பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப அந்த ஜோடியையும் எடுத்துக்கிட்டு தாண்டா பக்கம் போறதா இருக்கேன். வெச்ச அம்மா உயிரோட இருந்தா எண்பதைத் தாண்டியிருக்கும். இல்லேன்னாலும், பாத்ததும் "இது எங்க ஆயாது"ன்னு சொல்ல யாராவது ஒருத்தர் இருக்கலாம். நூறு ரூபாயை நான் கேக்கப் போறதில்ல :-)

பி.கு: உங்க வீட்டு டிரங்குப் பெட்டியிலயும் இப்படி ஏதாவது கெடந்தா, உருக்கறது உங்க இஷ்டம். அதுக்கு முன்னாடி முன்பக்கம், பின்பக்கம் ரெண்டு போட்டோ எடுங்க, எடையைக் குறிச்சுக்குங்க, யாருதுன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பேரோட எழுதி வைங்க. எங்க தாத்தா மாதிரி சாதியை மட்டும் எழுதி வெச்சுடாதீங்க.